மறைவுத் தோட்டமும் திறந்த வாயிலும்

பள்ளியில் தம் பிள்ளை எதனைக் கற்கிறது என்று பெற்றோர் வினவுவது இயல்பு. அவ்வினாவுக்கு விடை கூறும் கடமையைச் சட்டத்தின் வாயிலாகப் பள்ளிகளுக்கு விதிக்க இங்கிலாந்துக்கு நெடுங்காலம் பிடித்தது. பாடத்திட்டம் யாருக்கு உரியது? கற்பிக்கும் ஆசிரியருக்கா, பொருள் வழங்கும் அரசுக்கா, பிள்ளையைப் பெற்றவருக்கா? இவ்வழக்கின் வரலாறு ஆசிரியராயினார் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

1862ஆம் ஆண்டில் இராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதிகள், பள்ளிகளுக்குரிய மானியத்தை மாணவரின் தேர்ச்சியோடு பிணைத்தன. மேற்பார்வையாளர் பள்ளிக்கு வந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறாத பாடத்திற்குரிய தொகை பள்ளிக்குக் கிடைக்காது. இதனால் கல்வி மனப்பாடமாகச் சுருங்கியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் இம்முறை கைவிடப்பட்டது. ஆயினும் பாடத்தில் அரசு தலையிட்டால் என்ன நேரும் என்பதை ஆசிரியர் உலகம் மறக்கவில்லை.

காலப்போக்கில் நிலைமை தலைகீழாக மாறியது. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் சமயக் கல்வி ஒன்றனை மட்டுமே கட்டாயமாக்கியது. ஏனைய பாடங்கள் வட்டாரக் கல்வி அதிகாரிகளின் பொறுப்பு என ஏட்டில் இருந்ததேயன்றி, நடைமுறையில் அவற்றை முடிவு செய்தவர்கள் தலைமையாசிரியர்களே. 1960இல் கல்வியமைச்சர் டேவிட் எக்கிள்ஸ் நாடாளுமன்றத்தில் பேசுகையில் பாடத்திட்டத்தை 'மறைவுத் தோட்டம்' என்னும் பொருள்பட வருணித்தார். அமைச்சரே எட்டிப் பார்க்கத் தயங்கிய தோட்டத்தில் பெற்றோர் எவ்வாறு நுழைவர்?

இலண்டன் மாநகரின் இஸ்லிங்டன் பகுதியிலிருந்த வில்லியம் டிண்டேல் தொடக்கப் பள்ளியில் இவ்வழக்கு வெடித்தது. 1974 முதல் அங்குப் புதிய கற்பித்தல் முறைகள் புகுத்தப்பட்டன. எழுத்தும் கணக்கும் புறக்கணிக்கப்படுவதாகப் பெற்றோர் பலர் அஞ்சினர்; சிலர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிகளில் சேர்த்தனர். வழக்கறிஞர் இராபின் ஆல்டு நடத்திய விசாரணையின் அறிக்கை 1976இல் வெளிவந்தது. ஆசிரியர், நிருவாகக் குழுவினர், கல்வி அதிகாரிகள் ஆகிய முத்தரப்பாரின் குறைகளையும் அது எடுத்துரைத்தது.

அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ரஸ்கின் கல்லூரியில் தலைமையமைச்சர் ஜேம்ஸ் கல்லகன் உரையாற்றினார். அது தொழிலாளர் கல்வி பெறுவதற்கென்று தோன்றிய கல்லூரி. கல்லகனோ வறுமையால் பல்கலைக்கழகம் காணாதவர். கல்வியைப் பற்றிப் பேசும் உரிமை வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. பெற்றோரும் பொதுமக்களும் வினா எழுப்பலாம் என்பதே அவ்வுரையின் சாரம். அதிலிருந்து நாடு தழுவிய பெருவிவாதம் பிறந்தது. 1977இல் வெளிவந்த டெய்லர் குழுவின் அறிக்கை, பள்ளி நிருவாகத்தில் பெற்றோர்க்குச் சமபங்கு வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

சட்டம் வந்தது 1980இல். பள்ளிகள் தம்மைப் பற்றிய விவரங்களைப் பெற்றோர்க்கு வெளியிட வேண்டுமென அக்கல்விச் சட்டம் பணித்தது. 1981இல் வந்த விதிகளின்படி, கற்பிக்கப்படும் பாடங்களும் பொதுத்தேர்வு முடிவுகளும் அவ்விவரங்களுள் அடங்கின. தோட்டத்தின் வாயில் திறந்தது.

ஆனால் திறந்த வாயிலின் வழியே முதலில் நுழைந்தது அரசேயாகும். கென்னத் பேக்கர் கல்வியமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றை மையமாகக் கொண்டு பத்துப் பாடங்களைத் தேசியப் பாடத்திட்டமாக வகுத்தது. 1989ஆம் ஆண்டின் விதிகள் பெற்றோர் பாடத்திட்டங்களைப் பார்வையிட வழி செய்தன. பெற்றோர் பெற்றது காணும் உரிமை. அரசு பெற்றதோ வகுக்கும் அதிகாரம். இரண்டும் ஒன்றல்ல. கட்டுக்கட்டாக வந்த விதித்தாள்களின் சுமை தாங்காத ஆசிரியர்கள் 1993இல் தேசியத் தேர்வுகளைப் புறக்கணித்தனர். பின்னர் ரான் டியரிங் தலைமையில் நடந்த மறுஆய்வு பாடச்சுமையைக் குறைத்தது.

இங்கு மலாயாவை நினைவுகூர்தல் தகும். 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, பயிற்றுமொழி எதுவாயினும் எல்லாப் பள்ளிகளுக்கும் பாடப்பொருள் பொதுவாயிருத்தல் வேண்டுமெனக் கூறிற்று. 1957ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதற்கு வடிவம் தந்தது. தமிழ்ப்பள்ளியின் பாடமும் மலாய்ப்பள்ளியின் பாடமும் ஒரே அளவுகோலுக்குள் வந்தன. ஆண்ட நாடு தனக்கென ஒரு பொதுப் பாடத்திட்டம் வகுப்பதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, ஆளப்பட்ட நாடு அதனைத் தன் கொள்கையாக்கியது வியப்புக்குரியது. இங்கே பல இனத்தாரை ஒன்றிணைக்கும் தேவை முந்தியது. அங்கே பெற்றோரின் ஐயம் முந்தியது.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் இங்கிலாந்தின் அரசுப் பராமரிப்புப் பள்ளிகள், ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் உரிய பாட உள்ளடக்கத்தைத் தம் இணையத்தளத்தில் வெளியிட வேண்டுமென்பது விதியாயிற்று. ஒரு காலத்தில் அமைச்சருக்கே எட்டாதிருந்ததை ஒரு தாய் தன் வீட்டிலிருந்தே படிக்க முடிந்தது.

ஆசிரியர்க்கு இவ்வரலாறு இரண்டு எச்சரிக்கைகளை விடுக்கிறது. பாடத்தை மூடி வைத்தால் ஐயம் வளரும். ஐயம் முற்றினால் அதிகாரம் உள்ளே வரும். அதே வேளையில், விதித்தாளில் எழுதப்பட்டது மட்டுமே பாடமாகிவிட்டால் லோவின் காலம் திரும்பும். பெற்றோர் கேட்கும்முன் தாம் கற்பிப்பதை எடுத்துரைக்கும் ஆசிரியர் இவ்விரண்டு இடர்களையும் ஒருங்கே தவிர்க்கிறார். அவருக்குச் சட்டத்தின் கட்டளை தேவைப்படுவதில்லை.