நிற்கவைத்து எடுத்த படம்

முதுகுத்தண்டு பக்கவாட்டில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளக்க எலும்பு மருத்துவர்கள் இன்றும் கையாளும் முறையை 1948இல் எழுதி வைத்தவர் நியூயார்க் மருத்துவர் ஜான் காப். வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அதிகமாகச் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளைக் கண்டுபிடித்து, அவற்றின் விளிம்பையொட்டிக் கோடு இழுத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் படிக்க வேண்டும். பென்சிலும் கோணமானியும் போதும். பத்து டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் அது ஸ்கோலியோசிஸ்.

கோடு இழுக்க எக்ஸ்ரே படம் வேண்டும். ஒரு படம் போதாது. வளரும் வயதில்தான் வளைவு வேகமாகக் கூடும். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை இன்னொரு படம், பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க, வளர்ச்சி நிற்கும்வரை. சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வளைவு முற்றுவது பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்குத்தான்.

அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை அமெரிக்க ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. 1912க்கும் 1965க்கும் இடையில் இருபது வயதுக்குள் நோய் கண்டறியப்பட்டு, 14 எலும்பு மருத்துவ மையங்களுக்கு வந்த 5,573 பெண்களின் பழைய கோப்புகளை ஆய்வாளர்கள் புரட்டினார்கள். ஒருவருக்குச் சராசரியாக 25 எக்ஸ்ரே. அதிகபட்சமாக ஒருவருக்கு 600க்கும் மேல். சராசரியாக 40 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், சுமார் 46 பேர் மார்பகப் புற்றுநோயால் இறந்திருக்கலாம் என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் இறந்தவர்கள் 77 பேர். மருத்துவர்கள் நல்லது செய்யத்தான் படமெடுத்தார்கள். அதனால்தான் இந்த எண்ணிக்கையை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

கதிர் ஆபத்தானது என்று யாருக்கும் தெரியாமல் இருந்ததா? இல்லை. ரோன்ட்கன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து ஒன்பதே ஆண்டுகளில், எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிர்ப்புண் முற்றி, கைகளை இழந்து, 1904இல் இறந்துபோனார். அதன் பிறகு கவலையெல்லாம் பெரும்பாலும் கருவியை இயக்குபவர்களைச் சுற்றியே இருந்தது. ஒரே சிறுமியின் உடம்பில் ஆண்டுக்கணக்கில் சேரும் கதிரை யாரும் பெரிதாகக் கூட்டிப் பார்க்கவில்லை. 1970களின் இறுதியில் சில மருத்துவர்கள் ஓர் எளிய வழி சொன்னார்கள்: குழந்தையின் முதுகு கதிர்க்குழாயைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்துங்கள். கதிரின் பெரும்பகுதியை முதுகே வாங்கிக்கொள்ளும். மார்பைச் சேர்வது வெகுவாகக் குறையும். காசே செலவில்லாத இந்த மாற்றம் இத்தனை காலம் கழித்தா வர வேண்டும்?

அடுத்த மாற்றம் மருத்துவமனையிலிருந்து வரவில்லை. போலந்தில் 1924இல் பிறந்து, சிறுவனாகப் பாரிஸ் வந்து, போர்க்காலத்தில் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து, டாஹவ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர் ஜார்ஜ் ஷார்பாக். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் 1968இல் அவர் ஒரு பெட்டி செய்தார். உள்ளே வாயு, அதனூடே சில மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள். துகள் ஒன்று வாயுவைக் கடந்தால் எலெக்ட்ரான்கள் பிரியும், பக்கத்திலிருக்கும் கம்பியில் மின்துடிப்பு எழும். ஒவ்வொரு கம்பிக்கும் தனி மின்சுற்று இருந்ததால் துகள் எங்கே போனது என்பது நேராகக் கணினிக்குப் போய்விடும். இதற்காக 1992இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கும் முதுகெலும்புக்கும் என்ன தொடர்பு? ஃபிலிம் கறுக்க ஏராளமான கதிர் வேண்டும். ஷார்பாக்கின் பெட்டியோ வந்து விழுவதை ஒவ்வொன்றாக எண்ணும். ஆகவே கொஞ்சம் கதிரிலேயே படம் கிடைக்கும். தன் கண்டுபிடிப்பு மருத்துவத்துக்கும் பயன்பட வேண்டும் என்பதில் அவரே முனைப்பாக இருந்தார். பாரிஸில் குழந்தைகளின் கதிரியல் மருத்துவர் காப்ரியேல் காலிஃபா இந்த வகைக் கருவியைப் பிள்ளைகளிடம் சோதித்து 1998இல் முடிவுகளை வெளியிட்டார்.

கருவியை எப்படி அமைப்பது என்பதில் உறுதியாக நின்றவர் எலும்பு அறுவை மருத்துவர் ழான் துபூசே. ஸ்கோலியோசிஸ் வெறும் பக்கவாட்டு வளைவு அல்ல, தண்டு தன்னைச் சுற்றித் திருகிக்கொள்ளும் முப்பரிமாணக் கோளாறு என்பது அவருடைய நெடுநாள் வாதம். சிடி ஸ்கேன் முப்பரிமாணம் காட்டும். ஆனால் கதிர் அதிகம், நோயாளியும் படுத்திருக்க வேண்டும். படுத்தால் உடற்பாரம் தண்டின் மேல் இறங்காது. நிற்கும்போது தெரியும் வளைவு படுக்கையில் ஓரளவு மறைந்துவிடும். எனவே நிற்கவைத்துத்தான் எடுக்க வேண்டும், தலை முதல் கால்வரை. பாரிஸின் வாஃபா ஸ்கலியும் மான்ட்ரியாலின் ஜாக் த கீஸும் படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கட்டும் கணக்குகளை உருவாக்கினார்கள்.

அப்படிப் பிறந்த ஈயோஸ் கருவி ஆள் உயரத்துக்கு ஒரு சிறு அறை. முன்பக்கமும் பக்கவாட்டிலும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு கதிர்க்குழாய்கள், எதிரே இரண்டு உணரிகள். கைகளை மடக்கி, விரல் நுனிகளைக் கன்னத்திலோ தோள்பட்டைக்கு மேலோ வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இல்லாவிட்டால் பக்கவாட்டுப் படத்தில் கை தண்டை மறைத்துவிடும். இரண்டு மெல்லிய கதிர்க்கீற்றுகளும் சேர்ந்தே மேலிருந்து கீழே இறங்கும். வளர்ந்த ஆளுக்குச் சுமார் இருபது வினாடி. இடையில் அசைந்தால் எலும்பின் விளிம்பு படத்தில் அலையலையாக விழும். கீற்று மெல்லியது என்பதால் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் உணரியைக் கலக்குவதில்லை. இரண்டு படமும் ஒரே நேரத்தில் ஒரே நிலையில் எடுக்கப்படுவதால் மென்பொருள் அவற்றைப் பொருத்தி உருவம் கட்டுகிறது. இடுப்பு மாற்று அறுவைக்கு முன் இடுப்பெலும்பின் சாய்வையும், இரண்டு கால்களின் நீளத்தையும் பார்க்கவும் இது பயன்படுகிறது.

கதிரளவு வழக்கமான எக்ஸ்ரேயைவிட எட்டு முதல் பத்து மடங்கு குறைவு என்று துபூசேயின் குழு எழுதியது. ஒப்பிடும் கருவியும் உடற்பகுதியும் மாறினால் அந்த எண்ணும் மாறும். 2007இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஈயோஸைத் தயாரித்த நிறுவனத்தை 2021இல் அமெரிக்காவின் ஆல்ஃபாடெக் வாங்கியது. முதுகுத்தண்டில் பொருத்தும் கம்பிகளும் திருகாணிகளும் செய்யும் நிறுவனம் அது.

விலைதான் இடறியது. மருத்துவத் தொழில்நுட்பங்களை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011இல் இதை முக்கியமான புதிய தொழில்நுட்பம் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் செலவுக்கு ஈடான பலன் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை. அங்கே தனியார் மையங்களில் பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். முதுகுவலியோடு வரும் பெரியவருக்குப் பெரும்பாலும் ஒரு படத்தோடு வேலை முடிந்துவிடும். வளைவைத் தடுக்கும் பெல்ட் மாட்டிக்கொண்டு வளர்ச்சி நிற்கும்வரை திரும்பத் திரும்ப வர வேண்டிய பத்து வயதுப் பிள்ளைக்காகத்தான் கதிரைக் குறைக்க இத்தனை பாடுபட்டார்கள். தனியாரிடம் போனால் அவளுடைய பெற்றோர் ஒவ்வொரு படத்துக்கும் கட்ட வேண்டும்.