சுரங்க நீரும் நீர்ப்பறவைகளும்

உலோகச் சுரங்கங்களிலிருந்து வெளியேறும் நீரும், கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் தேங்கும் நீரும் நீர்ப்பறவைகளுக்கு நஞ்சாவது உலகின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளது. ஈயம், துத்தநாகம், காட்மியம், செம்பு, ஆர்செனிக் ஆகியவை இதில் முதன்மையானவை. எந்தப் பறவையை எந்த உலோகம் தாக்கும் என்பதைப் பெரும்பாலும் அது இரை தேடும் முறையே முடிவுசெய்கிறது.

உருவாகும் விதம்

செம்பு, ஈயம், துத்தநாகத் தாதுக்களோடு பைரைட் போன்ற கந்தகக் கனிமங்கள் கலந்திருப்பது வழக்கம். தோண்டியெடுத்த பின் காற்றும் நீரும் பட்டால் இவற்றிலிருந்து கந்தக அமிலம் உண்டாகிறது. சிலவகைப் பாக்டீரியாக்கள் இதை விரைவுபடுத்துகின்றன. அமிலம் பாறையிலுள்ள செம்பையும் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் கரைத்து நீரில் சேர்க்கிறது. ஈயம் எளிதில் கரையாது. தாதுக்கழிவுத் துகளாக ஆற்றோடு போய் வண்டலில் படிகிறது. கருங்கல்லில் கந்தகக் கனிமங்கள் மிகக் குறைவு. எனவே மதுரைக்கு அருகிலுள்ள மேலூர் பகுதிக் கருங்கல் குவாரிக் குழிகளில் நிற்கும் மழைநீரை இந்த அமில நீரோடு சேர்த்து எண்ணக் கூடாது.

உடலில் ஏற்படும் பாதிப்பு

சேற்றைக் கிளறி வேரும் கிழங்கும் தின்னும் அன்னம், வாத்து வகைகள் வண்டலையும் சேர்த்து விழுங்குகின்றன. அதிலுள்ள ஈயம் இரத்தச் சிவப்பணு உருவாவதைத் தடுத்துச் சோகையை உண்டாக்குகிறது, நரம்புகளைத் தளர்த்துகிறது. இரைப்பை இயக்கம் நின்றுபோவதால், தின்ற உணவு உள்ளேயே தங்கியிருக்கப் பறவை பட்டினியால் மெலிந்து சாகிறது. தொங்கிய இறக்கையும் பச்சை நிற எச்சமும் இதன் அறிகுறிகள். மிகுதியான துத்தநாகம் கணையத்தைச் சிதைக்கிறது. காட்மியம் சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. தங்கச் சுரங்கங்களில் பயன்படும் பாதரசம் மீன்கள் வழியாக மீன்தின்னிப் பறவைகளை அடைந்து இனப்பெருக்கத்தைக் குறைக்கிறது.

பதிவான நிகழ்வுகள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பியூட் நகரில் உள்ள பெர்க்லி குழி, 1955 முதல் 1982 வரை செம்பு வெட்டிய திறந்தவெளிச் சுரங்கம். நீரிறைப்பு நிறுத்தப்பட்டதும் நிலத்தடி நீர் ஊறி அமில ஏரியானது. 1995 நவம்பரில் அங்கு 342 பனி வாத்துகள் இறந்து கிடந்தன. உணவுக்குழாய் முதலிய உள்ளுறுப்புகள் வெந்திருந்தன. 2016 நவம்பர் இறுதியில் பனிப்புயலில் சிக்கிப் பெருந்திரளாக இறங்கிய பனி வாத்துகளில் 3,000க்கும் மேற்பட்டவை மடிந்தன.

ஐடஹோ மாநிலத்தின் கர்டலேன் ஆற்றில் 1968 வரை தாதுக்கழிவு நேரடியாகக் கொட்டப்பட்டது. அந்த வண்டலிலுள்ள ஈயத்தால், வலசை வழியில் தங்கும் தூந்திர அன்னங்கள் இன்றும் இறக்கின்றன. ஸ்பெயினில் 1998 ஏப்ரல் 25 அன்று அஸ்னால்கோயார் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்தது. டொன்யானா ஈரநிலத்தின் விளிம்புவரை நச்சுச் சேறு பரவியது. பின்னர் அப்பகுதி வெண்நாரைக் குஞ்சுகளில் மரபணுச் சேதம் கண்டறியப்பட்டது.

மதுரைச் சமவெளி

மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டை வட்டாரத்தில் உலோகச் சுரங்கம் இல்லை. ஆனால் மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் வட்டத்தில், 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் ஒதுக்கப்பட்டது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் அதில் அடங்கியிருந்தது. ஊர்மக்கள் போராடினர், 2024 டிசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்துசெய்தது.

இச்சமவெளியின் நீரமைப்பு சுரங்க மாசு பற்றிய கவலையைக் கூர்மையாக்குகிறது. மேல் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை நிரப்புகிறது. ஓரிடத்தில் கலக்கும் உலோகம் சங்கிலித் தொடர் முழுவதையும் எட்டலாம். கோடையில் நீர் வற்றும்போது புள்ளிமூக்கு வாத்து, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் போன்றவை கண்மாய்ச் சேற்றில்தான் இரை தேடுகின்றன. வண்டலில் உலோகம் படிந்தால் முதலில் பாதிக்கப்படுபவை இவையே.

கட்டுப்பாடு

அமில நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் அமிலம் தணிந்து பெரும்பாலான உலோகங்கள் வண்டலாகப் படியும். அதையும் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். பெர்க்லி குழியில் காவலர்கள் ஓசையெழுப்பியும் துப்பாக்கியால் சுட்டும் பறவைகளை விரட்டுகின்றனர். கர்டலேன் படுகையில் விளைநிலங்களை மாசற்ற ஈரநிலங்களாக்கி அன்னங்களுக்கு மாற்று மேய்ச்சலிடம் தரப்படுகிறது. ஆற்றுப்படுகையில் பரவிய வண்டலைத் தூய்மைப்படுத்தத் தலைமுறைகள் பிடிப்பதால், தாதுக்கழிவைத் தொடக்கத்திலேயே நீரோட்டத்தில் விடாமல் தடுப்பதுதான் முதன்மையான பாதுகாப்பு.