குதிரைக்கும் ஒரு பள்ளிக்கூடம்

எங்கள் ராயபுரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் தம்பி ஒருவர், ஊருக்கு வெளியே தன் தோட்டத்தில் குதிரை பழக்குவதற்கென்று புதிதாக ஒரு களம் போட்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். இருபது மீட்டர் அகலம், நாற்பது மீட்டர் நீளம். சுற்றிலும் மரத்தடுப்பு, உள்ளே சலித்த மணல். புது வீட்டைக் காட்டுகிறவர் மாதிரி மூலை மூலையாக நடத்திக் காட்டினார்.

"வெளிநாட்டுல மணலோட துணித் துணுக்கைக் கலக்கறாங்களாமுங்க ஐயா. நம்ம கட்டிங் வேஸ்ட்டையே போடலாமுன்னு பார்த்தேன். பருத்தி நனைஞ்சா மக்கிப் போயிருமுன்னு விட்டுட்டேனுங்க" என்றார். திருப்பூர்க்காரர் நினைப்பு எங்கே போனாலும் பனியனுக்குத்தான் திரும்பி வரும்!

குதிரை அந்தியூரில் வாங்கியது. ஆடி மாதம் அங்கே குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்ததுதான். 'குதிரை வாங்கினது சரி, அதற்கு இத்தனை செலவில் ஒரு களமா? காசு இருக்கிறவர் விளையாட்டு' என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பழைய வரலாற்றை யோசித்தபோதுதான் நினைத்தது தப்பு என்று பட்டது.

தமிழ்நாட்டு மன்னர்கள் குதிரை வாங்குவதில் சளைத்தவர்கள் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் குதிரை வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. மாணிக்கவாசகரைப் பாண்டியன் பொன்னோடு அனுப்பியதும் குதிரை வாங்கத்தான். நரி பரியான கதை நாம் பாட்டி மடியில் கேட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இதையே வேறு விதமாக எழுதி வைத்தார். ஓர்முஸ், ஏடன் பக்கமிருந்து அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார். அவர் தம்பிமாரும் அப்படியே வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. லாடம் கட்டுகிறவரையும் வைத்தியம் பார்க்கிறவரையும் வியாபாரிகள் இங்கே வர விடுவதில்லை. குதிரை செத்தால்தானே மறு வருஷமும் விற்கலாம்! வெளிநாட்டார் எழுதியது, கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார். ஆனாலும் பொன் கொடுத்து வாங்கியவர்கள் பழக்கத்துக்கும் பராமரிப்புக்கும் கொடுத்தார்களா என்ற கேள்வி நிற்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்த மாதிரிக் களத்துக்கு அந்த மொழியில் 'மனேஜ்' என்று பெயர். கையாளுதல் என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. எங்களுக்கு அந்தச் சொல் வரலாற்று வகுப்பில்தான் அறிமுகம். 1720 வாக்கில், பத்து வயது லூயி 15 குதிரையேற்றம் படிக்க பாரிசில் துய்லெரி அரண்மனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மனேஜ் கட்டினார்கள். 1789 நவம்பரில் புரட்சிச் சபை அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தது. தாத்தா குதிரை ஏறிப் பழகிய இடத்திலேயே பேரன் லூயி 16ஐ விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள்.

பரீட்சைக்கு அது போதும். ஆனால் அதே துய்லெரியில் 1730 முதல் குதிரைப் பள்ளி நடத்திய லா கெரினியேர் என்ற ஆசானைப் பற்றி நான் பிற்பாடுதான் படித்தேன். 1733இல் பெரிய நூல் ஒன்று எழுதினார். அடித்துப் பணிய வைப்பதல்ல, உடம்பை மெல்ல மெல்ல இளக்கிப் பழக்குவதே வித்தை என்பது அவர் போதனை. தோளை உள்பக்கம் திருப்பிக் குதிரையைப் பக்கவாட்டில் நடத்தும் அவருடைய பயிற்சியை உலகமெங்கும் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா நினைவு வந்தது. அவர் புதுச்சேரியில் ஜட்கா ஓட்டியவர். எங்கள் வெள்ளைக் குதிரைக்கு மணலும் இல்லை, பள்ளியும் இல்லை. தார் ரோடும் சாட்டையும்தான் வாத்தியார். ஒரு மழைநாளில் பாரத்தோடு வழுக்கி விழுந்து முன்கால் முறிந்தது. அப்பா அன்று ராத்திரி முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் சாட்டையைக் கையில் எடுக்கவே இல்லை. கூலி வேலைக்குப் போனார். 'என் கை அவசரம்டா' என்று ஒரே ஒரு தரம் சொன்னார். நான் குமாஸ்தாவாகிச் சம்பளம் வாங்கும்போது அவர் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோட்டத்தில் பார்த்ததைச் சொல்லி முடிக்கிறேன். குதிரை ஒரு மூலையில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. தம்பி கயிற்றைத் தளர்த்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். ஐந்து நிமிஷம் இருக்கும். அது தானாக நடந்து வந்து அவர் தோளில் மூக்கை வைத்தது. மணலில் குளம்புச் சத்தமே இல்லை.

அந்தக் களத்துக்கு அவர் செலவழித்தது அதிகம் என்று இனிமேல் நான் சொல்ல மாட்டேன்.