பெட்டியடி: கெடா வட்டிக்கடைகளின் பூட்டுப் பெட்டி

பெட்டியடி என்பது நாட்டுக்கோட்டை நகரத்தார் கடல் கடந்து நடத்திய வட்டிக்கடைகளில், கடைப் பொறுப்பை ஏற்ற மேலாள் தரையில் அமர்ந்து வரவுசெலவு பார்க்கும் இடம். அங்கே அவர் முன்னால் இருக்கும் பூட்டுள்ள மரப்பெட்டியைச் சுற்றியே அந்தக் கடையின் தொழில் முழுவதும் நடந்தது. பினாங்கு, சிங்கப்பூர் தொடங்கி, வட மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் வரை, இந்தப் பெட்டிக்கு முன்னால்தான் ரப்பர் நிலங்கள் ஈடாகப் போயின, மீண்டன, கைமாறின. கெடாத் தமிழரைப் பற்றிப் பேசும்போது தோட்டமும் தொழிலாளர் குடியிருந்த லயமும் அவர்களை மேற்பார்த்த கங்காணியும் நினைவுக்கு வரும் அளவுக்கு இந்தப் பெட்டி நினைவுக்கு வருவதில்லை. தோட்டத்தின் பண ஓட்டத்தை அறிய விரும்புகிறவர் இதைத் தவிர்த்துவிட முடியாது.

அமைப்பு

நகரத்தார் கடைகள் இயங்கிய கட்டடம் கிட்டங்கி எனப்பட்டது. தெருவைப் பார்த்த முகப்பு குறுகியது. உள்ளே நீளமாக ஓடும் கூடம். அந்த ஒரே கூடத்தில் பல கடைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி விலாசம் (கடைப் பெயர்), தனி முதல், தனிக் கணக்கு. இடையில் சுவரோ தடுப்போ கிடையாது. பக்கத்துக் கடைக்காரர் ஒருவகையில் போட்டியாளர். அவரே கோயில் முறையில் பங்காளியாகவோ, கொண்டு கொடுத்த வழியில் உறவாகவோ இருப்பார். இரவில் அதே கட்டடத்தில் எல்லோரும் பாய் விரித்துப் படுத்தார்கள், சமையல் பொது.

இப்படிப்பட்ட கூடத்தில் ஒரு கடையை மற்றொரு கடையிலிருந்து பிரித்தது பூட்டு ஒன்றுதான். பெட்டி உயரம் குறைந்தது. சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் கைக்கு எட்டும். மேல்மூடி சற்றே சாய்ந்து, எழுதுபலகையாகவும் பயன்படும். மூடியைத் தூக்கினால் உள்ளே சிறு அறைகள். முத்திரை, ஸ்டாம்பு, மைக்கூடு, அன்றாடச் செலவுக்கான சில்லறை ஆகியவை மேலே இருக்கும். அடியில் பிராமிசரி நோட்டுகளும், ஈடாக வந்த நிலப் பத்திரங்களும் கட்டுக்கட்டாக இருக்கும். பேரேடுகள் பெரியவை என்பதால் பின்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்கப்பட்டன. நகையும் பெருந்தொகையும் கனத்த இரும்புப் பெட்டிக்குப் போகும்.

சட்டை, மேல்துண்டு, குடை போன்றவை சுவர் ஆணியிலும் கொடியிலும் திறந்தே தொங்கின. ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் நிலைமை வேறு. அங்கே உணவு விடுதியிலும் அலுவலகத்திலும் கழற்றி மாட்டிய கம்பளிக் கோட்டும் தொப்பியும் களவு போயின. அதனால் 19ஆம் நூற்றாண்டில், மாட்டிய துணியோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ளும் சுவர்க் கொக்கிகளுக்குக் காப்புரிமை வாங்கும் அளவுக்கு அது ஒரு தொழில்நுட்பமாகவே வளர்ந்தது. அன்னியர் வந்துபோகும் பொது அறையில் உடையைக் காக்க வேண்டியிருந்தது; கிட்டங்கியில் காக்க வேண்டியது காகிதம். ஒருவருக்கு எவ்வளவு கடன், எந்த ஈட்டின் பேரில், என்ன வட்டிக்கு என்பது பக்கத்துக் கடைக்குத் தெரிந்தால் தொழில் போயிற்று. பெட்டியின் பூட்டு திருடனைத் தடுப்பதற்கு மட்டும் போட்டதல்ல. கண்ணுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கும் உறவினரின் கண்ணுக்கும் அதுவே மறைப்பு.

பூட்டு

இத்தகைய பெட்டிகளுக்கும் அலமாரிகளுக்கும் ஏற்றது லீவர் பூட்டு. உள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு வில்லால் அழுத்தப்பட்டு நிற்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு உண்டு. சாவியின் பற்கள் தகடுகளை வெவ்வேறு உயரத்துக்குத் தூக்குகின்றன. எல்லா வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்தால்தான் தாழின் முளை அவற்றினூடே நகரும். ஒரு தகடு மயிரிழை குறைவாக எழுந்தாலும், மயிரிழை கூடுதலாக எழுந்தாலும் தாழ் அசையாது. இந்த இரட்டைத் தடையை 1778இல் இங்கிலாந்தின் ராபர்ட் பாரன் காப்புரிமை பெற்றுப் புகுத்தினார். 1818இல் ஜெரமையா சப், கள்ளச்சாவி போட்டுப் பார்த்தால் பூட்டு இறுகி நின்று உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தார். 1851 லண்டன் பெரும் பொருட்காட்சியின்போது அமெரிக்கரான ஹாப்ஸ் அந்தப் பூட்டையும் திறந்து காட்டினார். அதற்குப் பிறகு பூட்டுத் தொழில் பொய் வெட்டுகளும் கூடுதல் தகடுகளுமாக இன்னும் நுட்பமானது.

தமிழ்நாட்டில் இந்தக் கலை வேரூன்றிய ஊர் திண்டுக்கல். அங்குள்ள பட்டறைகளில் பூட்டு கையால் அராவி, கையால் பொருத்தி முடிக்கப்படுகிறது. மாங்காய்ப் பூட்டு வடிவத்தால் பெயர் பெற்றது. மணிப் பூட்டில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் மணி ஒலிக்கும். பலர் படுத்துறங்கும் வீட்டில் இரவில் யார் பெட்டியைத் திறந்தாலும் ஊருக்கே தெரியும்படி செய்யும் ஏற்பாடு அது. ஓசைக்கு இருக்கும் காவல் இரும்புக்குக்கூட இல்லை. திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1957இல் தொடங்கப்பட்டது. அலிகாரிலிருந்து வந்த இயந்திரப் பூட்டுகளின் மலிவு விலையால் பட்டறைகள் பெரிதும் நலிந்தன. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெட்டியடியின் மனிதர்கள்

கடையின் உரிமையாளர் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தார். கடல் கடந்து தொழில் நடத்த, அதாவது 'கொண்டுவிக்க', அனுப்பப்பட்டவர் மேலாள். அவருக்குச் சம்பளச் சீட்டு எழுதி, வழக்கமாக மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்புவார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும் முன்பே குடும்பத்தின் கையில் கொடுக்கப்படும். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பதின்ம வயதில் கப்பலேறி வரும் அந்தப் பையன் கூடத்தைப் பெருக்குவான், தண்ணீர் எடுப்பான், வசூலுக்குக் கூடப் போவான். மாலையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெழுதக் கற்பான். ரொக்கக் குறிப்பும் பேரேடும் ஐந்தொகையும் அவனுக்குப் பழகிய பிறகே பெட்டியைத் தொடும் உரிமை கிடைக்கும். சாவி மேலாளின் இடுப்பை விட்டு எளிதில் பிரியாது. தவணை முடிந்து அவர் ஊர் திரும்பும்போது அடுத்த மேலாளிடம் கணக்கை ஒப்படைப்பதும் சாவியை ஒப்படைப்பதும் ஒரே காரியத்தின் இரு பாதிகள்.

இந்த வாழ்க்கையைத் தமிழில் உள்ளிருந்து எழுதியவர் ப. சிங்காரம். சுமத்ராவின் மேடான் நகரில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர் அவர். 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) ஆகிய அவருடைய இரு புதினங்களிலும் வட்டிக்கடைகள் இருந்த செட்டித்தெருவின் அன்றாடம் போர்க்காலப் பின்னணியில் பதிவாகியிருக்கிறது. கணக்கேடுகள் சொல்லாத மனச்சுமையை அவற்றில்தான் படிக்க முடியும்.

கெடாவில்

நகரத்தார் பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தொழில் தொடங்கிவிட்டார்கள். தண்ணீர்மலையில் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் 1850-களைச் சேர்ந்தது. தைப்பூச வெள்ளி ரதம் 1894இல் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. அது இன்றும் புறப்படுவது கிட்டங்கிகள் நிறைந்திருந்த பினாங்குத் தெருவிலிருந்துதான். எதிர்க்கரைக்கு அப்பால் இருந்த கெடா அப்போது சயாமின் மேலாட்சியில் இருந்தது. கடன் சுமையில் சிக்கிய கெடா அரசு 1905இல் சயாமிடம் 26 லட்சம் வெள்ளி (டாலர்) கடன் வாங்கிப் பழைய கடன்களைத் தீர்த்தது. அந்த ஆண்டே அரசவை ஒன்றும் அமைந்தது. 1909 உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் செல்வாக்கின்கீழ் வந்தது.

அதே ஆண்டுகளில் ரப்பர் பரவியது. ரயில் பாதை 1915இல் அலோர் ஸ்டாரையும் 1918இல் பாடாங் பெசாரையும் எட்டியது. கோலா மூடா மாவட்டத்தில் சிடாம் கிரி போன்ற முக்கிம்கள் (உட்பிரிவுகள்) தோட்டக் காடுகளாயின. அவற்றுக்குச் சந்தையும் கடைத்தெருவுமாகச் சுங்கைப் பட்டாணி வளர்ந்தது. நகரத்தார் கடைகளும் உடன் வந்தன. அங்குள்ள சுப்பிரமணிய சுவாமி தேவஸ்தானத்தின் சித்ரா பௌர்ணமி விழா இன்றும் வட மலேசியத் தமிழரின் பெருவிழாக்களுள் ஒன்று.

பெரிய ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு லண்டன் பணம் இருந்தது. வங்கி வாசலை மிதிக்க முடியாத சிறு தோட்டக்காரர், சீனக் கடைக்காரர், மலாய் நில உடைமையாளர், கங்காணி, தோட்ட எழுத்தரான கிராணி ஆகியோருக்குப் பெட்டியடிதான் வங்கி. நோட்டில் கையெழுத்து, நிலத்தின் கிராண்ட் என்ற உரிமைப் பத்திரம், இரண்டும் பெட்டிக்குள் போகும். பணம் வெளியே வரும். லயத்தில் வாழ்ந்த பால்வெட்டுத் தொழிலாளியிடமும் ஒரு பூட்டு இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் அது தொங்கியது. உள்ளே இரண்டு சேலை, ஊர்க் கடிதங்கள், கொஞ்சம் பணம். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே இருந்த தூரம்தான் அன்றைய தோட்டச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு. கங்காணிக்குக் கொடுத்த கடனின் வட்டி, கடைசியில் யாருடைய சம்பளத்திலிருந்து கசிந்தது என்பதைப் பேரேடு எழுதவில்லை.

1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக வந்த நிலங்கள் பெட்டியிலேயே தங்கின. லேவாதேவிக்காரர்கள் தாங்கள் கேட்காமலேயே தோட்டக்காரர்கள் ஆனார்கள். மலாய் நிலங்கள் பிறர் கைக்குப் போவதைத் தடுக்கக் கெடாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே வந்தது. அது நியாயமான அச்சத்தில் பிறந்த சட்டம் என்பதை நகரத்தார் வரலாற்றைப் பெருமையோடு எழுதுகிறவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

போரும் பின்னரும்

1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோற்றது. கெடா ஜப்பானியர் வசமாயிற்று. 1943 அக்டோபரில் அவர்கள் அதைத் தாய்லாந்துக்குக் கொடுத்தார்கள். தோட்டங்களிலிருந்து தமிழர், ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்கு வண்டி வண்டியாகக் கொண்டுபோகப்பட்டனர்; பலர் திரும்பவேயில்லை. பெட்டியடியில் வேறு வகைச் சேதம் நடந்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை, மதிப்பிழந்துகொண்டிருந்த ஜப்பானிய 'வாழைமர நோட்டு'களால் அடைத்தார்கள். வாங்க மறுத்தால் ஜப்பானியரின் கோபம், வாங்கினால் நட்டம். பிராமிசரி நோட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைத் திருப்பித் தந்த மேலாள்களின் பெட்டியில் 1945இல் மிஞ்சியது வெற்றுக் காகிதம். ஆக்கிரமிப்புக் காலக் கடன்களை மறுமதிப்பீடு செய்ய 1948இல் மலாயாவில் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. எத்தனை தகடு வைத்த பூட்டானாலும் பணத்தின் மதிப்பை அதனால் காக்க முடியவில்லை.

அதன்பின் பெட்டியடி தேய்ந்தது. 1951இன் வட்டித் தொழில் சட்டம் உரிமமும் எழுத்து ஒப்பந்தமும் கட்டாயமாக்கியது. குடிநுழைவுச் சட்டங்கள் இறுகியதால் மூன்றாண்டுக்கு ஒரு மேலாள் என்ற சுழற்சி நின்றது. நகரத்தார் தாங்களே வங்கிக்கு மாறியிருந்தார்கள். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி மலாயாவிலும் கிளை பரப்பியது. தோட்டங்களும் துண்டு துண்டாக விற்கப்பட்டுக் கைமாறின. அந்தத் துண்டாடலில் வேலை இழந்த தொழிலாளர்களுக்காக வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை. மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கிய தொழிலாளியின் டிரங்குப் பெட்டிக்குள் முதன்முறையாக ஒரு தோட்டத்தின் பங்குப் பத்திரம் வந்து சேர்ந்தது. கெடாப் பெட்டிகளின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி இல்லை.

இன்றைய நிலை

சிங்கப்பூரின் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்தன. செட்டிநாட்டு மரப்பெட்டிகள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைபோகின்றன. விடுதிகளின் வரவேற்பறைகளில் அழகுக்கு நிற்கின்றன. விற்கும் அவசரத்தில் பெட்டிக்குள் இருந்த காகிதம் எடைக்குப் போடப்படுவதுதான் உண்மையான இழப்பு. கடன் வாங்கிய கங்காணியின் பெயர், தோட்டத்தின் பெயர், ஈடு வைத்த நிலத்தின் அளவு, தள்ளுபடியான வட்டி எல்லாம் அந்தத் தமிழ்க் கணக்கில்தான் இருக்கின்றன. கம்பெனி ஆவணங்களில் இல்லை. சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ செட்டிநாட்டிலோ பழைய வட்டிக்கடைப் பெட்டி வைத்திருக்கும் குடும்பங்கள், அதை விற்பதானால் விற்கட்டும். உள்ளிருக்கும் ஏடுகளை மட்டும் ஒரு நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ படியெடுக்கக் கொடுத்த பிறகு விற்க வேண்டும்.