அட்டாமிக் ஃபாரஸ்ட்

அட்டாமிக் ஃபாரஸ்ட், 1970களில் பம்பாயில் இயங்கிய ராக் இசைக்குழு. கீத் காங்கா தொடங்கிய இக்குழுவில் பாடகர் மதுக்கர் சந்திர தாஸ், கிதார் வாசித்த நீல் சட்டோபாத்யாய், டிரம்ஸ் வாசித்த வாலண்டைன் லோபோ ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். சைக்கடெலிக் ராக், ஹார்ட் ராக், ஃபங்க் ஆகியவற்றின் கலப்பான இவர்களுடைய இசை, பாட்டை நிறுத்திவிட்டு வாத்தியங்களை நெடுநேரம் பேசவிடும் இடங்களில் புரோகிரெசிவ் ராக்கின் எல்லையைத் தொட்டது.

அன்றைய ராக் குழுக்களுக்கு வழி எளிதாக இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் நல்ல மின்கிதாரும் ஆம்ப்ளிஃபயரும் கிடைப்பது அரிது. இசைத்தட்டுச் சந்தை திரைப்பாடல்களின் கையில் இருந்தது. கேட்க வந்தவர்களும் டீப் பர்ப்பிள், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பாடல்களையே விரும்பினார்கள். குழுக்களும் அவற்றையே வாசித்தன. சிகரெட் நிறுவனம் ஒன்று தன் சிம்லா சிகரெட்டின் பெயரில் நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டிதான் பல ஊர்க் குழுக்களுக்கு வாசல் திறந்தது. அதன் பாடல்கள் 1970, 1971 ஆண்டுகளில் இரண்டு தொகுப்புகளாக வெளிவந்தன. சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ் குழுவின் பாடலும் அவற்றில் இடம்பெற்றது.

பம்பாயில் மேடை நாடகமும் ராக் கலைஞர்களுக்குக் கைகொடுத்தது. அலிக் பதம்சீ 1974இல் அரங்கேற்றிய ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ ராக் இசைநாடகத்தில் மதுக்கர் சந்திர தாஸ் இயேசுவாகப் பாடி நடித்தார்.

குழுவின் ஒரே இசைத்தட்டான ‘ஒப்செஷன் 77’, பெயரில் 77 இருந்தாலும் 1981இல்தான் வெளிவந்தது. வெளியிட்டது மியூசிக் இந்தியா, அதாவது முன்பு பாலிடார் ஆஃப் இந்தியாவாக இருந்த நிறுவனம். அதற்குள் குழு கலைந்துபோயிருந்தது. மேடையேறிப் பாடி விற்க ஆளில்லாத தட்டு கவனிப்பாரற்றுப் போனது.

பல ஆண்டுகள் கழித்து அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் அதைத் தேடத் தொடங்கினார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் நவ்-அகெய்ன் ரெக்கார்ட்ஸ் 2011இல், அதுவரை வெளிவராத பதிவுகளையும் சேர்த்து ‘ஒப்செஷன்’ என்ற பெயரில் மறுவெளியீடு செய்தது. இன்று இந்திய சைக்கடெலிக் ராக் என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் இதுவும் ஒன்று.

இந்தப் புகழ் நியாயமானதே. தலைப்புப் பாடலின் துள்ளலும் கிதாரின் கூர்மையும் இப்போதும் மங்கவில்லை. ஆனால், அதே காலத்தில் மேடைகளில் கொண்டாடப்பட்ட பல குழுக்கள் ஒரு தட்டுகூட வெளியிடாமல் கலைந்ததையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஹ்யூமன் பாண்டேஜ் அத்தகையது. அதில் டிரம்ஸ் வாசித்த, சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம், பின்னாளில் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறித் தவிலையும் கடத்தையும் ஜாஸ் மேடைகளுக்குக் கொண்டுபோனார். அவரை உலகம் அறியும். அவர் இளமையில் வாசித்த குழு எப்படி ஒலித்தது என்பதை நேரில் கேட்டவர்களே அறிவார்கள்.