சாவா மூவாப் பேராடு: முதல் அழியாப் பொருளின் வரலாறு

நாள்தோறும் பிறர்க்கு உழைத்துப் பெறும் ஊதியத்தை எதிர்நோக்காமல், முன்னர் ஈட்டிவைத்த பொருளின் வருவாய் ஒன்றனையே கொண்டு வாழ்தலைப் பொருள்வழித் தற்சார்பு எனலாம். முதுமை வருமுன்னரே இந்நிலையை எய்திப் பணியினின்று விலகுதல் வேண்டும் என்னும் கருத்து, அமெரிக்க நாட்டில் ஓர் இயக்கமாகவே வளர்ந்துள்ளது. நியூயார்க்கின் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த ஜோ டொமிங்கஸ் என்பார் 1969ஆம் ஆண்டில், தம் 31ஆம் வயதில், அத்தொழிலை விடுத்தார். அவரும் விக்கி ராபின் அம்மையாரும் எழுதி 1992இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பலரிடத்தும் பரப்பியது. 1994இல் வில்லியம் பெங்கன் என்பார், சேமித்த தொகையில் முதலாண்டில் நூற்றுக்கு 4 பங்கு எடுத்து, பின்னர் விலைவாசி உயர்வுக்கேற்ப அதனைக் கூட்டிக்கொண்டு சென்றால், அத்தொகை குறைந்தது 30 ஆண்டுகள் தாங்கும் என்று பழைய சந்தைக் கணக்குகளைக் கொண்டு காட்டினார். ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு பொருள் சேர்த்தவன் பணியினின்று நீங்கலாம் என்னும் வாய்பாடு இதிலிருந்து பிறந்தது.

இஃது இக்காலத்துப் புதுமை என்றே பலரும் கருதுவர். ஆயின், முதலைத் தொடாது அதன் விளைவை மட்டும் துய்த்தல் என்னும் அடிப்படைக் கொள்கை, ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே சோழ நாட்டில் நன்கு வரையறுக்கப்பட்டிருந்தது. அக்கொள்கை எவ்வாறு இயங்கிற்று, யாரை விடுவித்தது, யாருடைய உழைப்பால் நிலைபெற்றது என்னும் மூன்றனையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈட்டலும் ஓய்தலும்

பொருளீட்டலின் அருமையைத் தமிழிலக்கியம் நன்கறியும். தலைவன் பொருள்வயிற் பிரிதல் பாலைத்திணையின் தலையாய செய்திகளுள் ஒன்று. ஈட்டி முடித்தபின் ஓய்தலையும் நம் முன்னோர் எண்ணாமலில்லை. காமம் நுகர்ந்தமைந்த கடைநாளில் தலைவனும் தலைவியும் மக்களொடும் சுற்றத்தொடும் அறம் புரிந்து வாழ்தலைத் தொல்காப்பியர் கற்பியலிற் கூறுகின்றார். ஆயின், அது வாழ்வின் கடைநிலை; இளமையிலேயே தொழிலை விட்டு நீங்கும் நிலையன்று. ஈட்டிய பொருள் எத்துணை நாள் தாங்கும் என்னும் கணக்கும் ஆண்டு இல்லை. அக்கணக்கைக் காண நாம் கல்வெட்டுக்களையே நாடுதல் வேண்டும்.

முதலும் பொலிசையும்

கல்வெட்டுக்களில் வட்டிக்குப் பொலிசை என்பது பெயர். கோயிலில் ஒரு விளக்கு எரிக்கவோ திருவிழா நடத்தவோ விரும்பிய ஒருவர், பொன்னையோ காசையோ முதலாகக் கொடுப்பர். ஊர்ச்சபை அதனைப் பெற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் பொலிசை மட்டும் அளந்து வரும். முதலைத் திருப்பித் தந்து கடனைத் தீர்த்துக்கொள்ளல் இயலாது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை அப்பொறுப்பு நீங்காது.

முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையாரும் பிறரும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த கொடைகளில் இம்முறை தெளிவாகக் காணப்படுகின்றது. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை. நெல்லாக அளப்பின் முக்குறுணி. அக்காலத்தில் ஒரு காசுக்கு இருகலம் நெல் விலையாயிற்று. கலம் ஒன்றுக்குக் குறுணி 12 ஆதலின், முக்குறுணி கால் கலமாகும். கால் கலத்தின் விலை அரைக்கால் காசே. ஆகவே, இருவகைப் பொலிசையும் ஒன்றே என்பது பெறப்படும். இஃது இக்காலக் கணக்கில் நூற்றுக்கு 12½ ஆகும். எனவே, ஆண்டுச் செலவைப் போல் எட்டு மடங்கு முதலே அன்று போதியதாயிற்று. பெங்கன் கூறும் 25 மடங்கோடு இதனை ஒப்புநோக்குக. மேலும், அவர் கணக்கு ஒருவருடைய எஞ்சிய வாழ்நாளை நோக்கியது. முதல் கரைந்து போவதற்கும் அதில் இடமுண்டு. சோழர் கணக்கோ முதல் ஒருபோதும் கரையாது என்று கொண்டது. இவ்வளவு உயர்ந்த பொலிசையை எல்லையின்றிச் செலுத்த ஒப்பிய ஊரார் தம் விளைவிலிருந்தே அதனை அளந்திருத்தல் வேண்டும் என்பது ஈண்டு மறக்கற்பாலதன்று.

ஆடும் விளக்கும்

காசினும் சிறந்த சான்று ஆடு. நந்தாவிளக்கு ஒன்றுக்குத் தஞ்சையில் 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் விடப்பட்டன. வேறு பல ஊர்களில் 90 ஆடுகள் விடப்பட்டமையும் உண்டு. இடையர் அவற்றைப் பெற்று, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். நாழியின் காற்கூறு உழக்கு ஆதலின், ஓராண்டுக்கு வேண்டிய நெய் ஏறத்தாழ 91 நாழி. அஃதாவது, ஓர் ஆட்டிற்கு ஆண்டு முழுமைக்கும் ஒரு நாழியினும் சற்றுக் குறைவே. மந்தை குன்றாமைக்கும் இடையன் குடும்பத்தின் பிழைப்புக்கும் இடம் விட்டே இவ்வளவு வகுக்கப்பெற்றது போலும்.

இவ்வாடுகளைக் கல்வெட்டுக்கள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வழங்குகின்றன. சாதலும் மூத்தலும் இல்லாத ஆடு உலகில் இல்லை. ஆயினும், இச்சொற்றொடர் வெறும் புனைந்துரையன்று. சட்டத் திட்பம் வாய்ந்த ஒரு வழக்கு. ஓர் ஆடு இறப்பின் அதன் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்புதல் இடையன் கடமை. நோயாலோ பஞ்சத்தாலோ மந்தை முழுதும் அழியினும் உழக்கு நெய் குறையலாகாது. இதன்பொருட்டே தஞ்சைக் கல்வெட்டுக்களில் ஆடு பெற்ற இடையனோடு அவன் உறவினர் பெயர்களும் பொறுப்புடையனவாகப் பொறிக்கப்பட்டன. எனவே, சாவாமையும் மூவாமையும் ஆட்டின் இயல்பு அல்ல. இடையனுடைய கடன் என்க.

பணியும் பங்கும்

இனி, இம்முறை யாரை விடுவித்தது என்பதனைக் காண்போம். இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரிக்கு வகுத்த நிவந்தங்களைக் கூறுகின்றது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும், அதன் மருத்துவர்க்கு ஆண்டுதோறும் 90 கலம் நெல்லும் 8 காசும் அளிக்கப்பட்டமையையும் அறிவிக்கின்றது. இவ்வாசிரியரும் மருத்துவரும் ஒவ்வோராண்டும் ஒரு வள்ளலின் வாயிலை நாட வேண்டியதில்லை. பரிசிலை நம்பி வாழ்ந்த பாணர் வாழ்க்கையினின்று இஃது எத்துணைத் தொலைவு! ஆயினும் இவர்கள் உழைப்பினின்று நீங்கினாரல்லர். தத்தம் பணியையே கவலையின்றிச் செய்ய வாய்ப்புப் பெற்றனர்.

வருவாய் பணியினின்று பிரியத் தொடங்கிய இடமும் ஒன்றுண்டு. தஞ்சைக் கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்கும் தலைக்கு ஒரு பங்காக 100 கலம் நெல் வகுத்த கல்வெட்டு, ஒருவர் இறப்பின் அல்லது வேற்றூர் செல்லின் அவர்க்கு அடுத்த உரிமையுடையார் அக்காணியைப் பெற்றுப் பணி செய்க என்கிறது. அவர் தகுதியற்றவராயின், தகுதியுடையார் ஒருவரை ஆளாக அமர்த்திப் பணி செய்விக்கலாம் என்றும் விதிக்கின்றது. பணி ஒருவரிடம், காணி மற்றொருவரிடம் என்னும் நிலை இதனால் உண்டாகின்றது. உழையாது துய்த்தற்குரிய வித்து இச்சிறு விதிவிலக்கிலேயே காணப்படுகின்றது எனலாம்.

சாவாமை யாரால்?

சபைகள் ஒரு பெருந்தொகையை இறைகாவலாகப் பெற்றுக்கொண்டு, நிலத்தை இறையிலி ஆக்குதலும் வழக்கமாயிருந்தது. அந்நிலத்துக்குரிய இறையைப் பின்னர் என்றும் ஊராரே இறுத்தல் வேண்டும். கைக்கு வந்த பொருளைச் செலவிட்டவர் ஒரு தலைமுறையினர். இறை இறுத்தவர் பின்வந்தோர். எனவே, ஒருவர்க்கு அழியா வருவாயாகத் தோன்றுவது மற்றொருவர்க்கு அழியாக் கடனாகத் தோன்றும். 1279ஆம் ஆண்டளவில் சோழராட்சி முடிவுற்றது. சபைகளும் காலப்போக்கில் மறைந்தன. சந்திர சூரியர் இன்றும் உளர். நெய் அளக்க உடன்பட்ட மந்தைகள் இல்லை. முதல் அழிந்தமைக்குக் கணக்கிற் பிழை காரணமன்று. கணக்கைத் தாங்கிய மக்களின் அமைப்பு அழிந்ததே காரணம்.

இவ்வாராய்ச்சியால் பெறப்படுவது இது. இளமையிலேயே பணியினின்று நீங்க விழைவோர் தம் பொருளை இக்காலத்துச் சாவா மூவாப் பேராடாகக் கருதுகின்றனர். பங்குகளும் கடன் பத்திரங்களும் தாமே ஈனுவனபோல் தோன்றினும், அவற்றின் விளைவு ஆலையிலும் வயலிலும் அலுவலகத்திலும் பிறர் உழைத்தலால் வருவது. சோழர் காலத்துக் கல்வெட்டு இடையன் பெயரைக் கல்லில் வெட்டிவைத்தது. இக்காலக் கணக்கேட்டில் அப்பெயருக்கு இடமில்லை. இதனால் தற்சார்பு தீது என்பது கருத்தன்று. எண்ணாயிரத்து ஆசிரியர் பெற்றது போன்ற கவலையற்ற ஓய்வு, கல்விக்கும் கலைக்கும் இன்றியமையாதது. ஆயின் அவ்வோய்வு ஒரு பணியின் பொருட்டு அளிக்கப்பட்டது. உழக்கு நெய் அளப்பவன் யாவன், அந்நெய்யால் எரியும் விளக்கு யாது என்னும் இருவினாக்களுக்கும் விடை கண்டோரே, முதல் அழியாப் பொருளைத் துய்த்தற்கு உரியராவர்.