இடம் யாருக்கு? மினசோட்டா பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கியின் நூறாண்டும் ஒரு மரபின் மறதியும்

மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் உள்ள இடங்கள் முதலில் யாருக்கு உரியவை? அம்மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கா, எங்கிருந்து வந்தாலும் திறமையில் முந்தி நிற்பவர்களுக்கா? மாணவர் சேர்க்கையையும் பணி நியமனத்தையும் ஒட்டி இந்தியாவில் நாம் ஓயாமல் விவாதித்துவரும் கேள்வி இது. அமெரிக்காவின் வட எல்லையில், கனடாவை ஒட்டிய மினசோட்டா மாநிலத்தில், இதே கேள்வி ஒரு கல்லூரி விளையாட்டு அணியை மையமாகக் கொண்டு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. ஒரு நியாயமான கோரிக்கை எப்படி மரபாகிறது, அந்த மரபு காலப்போக்கில் தன் தொடக்கத்தையே எப்படி மறந்துவிடுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை நான் அதிகம் கண்டதில்லை.

நமக்குப் பழக்கமான புல்தரை ஹாக்கி வேறு, இது வேறு. ஐஸ் ஹாக்கியில் அணிக்கு அறுவர். பனித்தளத்தின்மேல் சறுக்குக் காலணிகளில் விரைந்து, கெட்டி ரப்பர் வட்டு ஒன்றைக் கோலுக்குள் செலுத்த வேண்டும். ஆட்டம் இருபது நிமிடப் பகுதிகள் மூன்று கொண்டது. உடல்மோதல் விதிகளுக்கு உட்பட்டு அனுமதிக்கப்படுவதால், பதினெட்டு வயது இளைஞனுக்கும் இருபத்துமூன்று வயதுக்காரனுக்கும் உள்ள உடல்வலு வேறுபாடு ஆட்டத்தின் முடிவையே மாற்றிவிடும். பின்னால் வரும் சர்ச்சையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி இன்றியமையாதது.

மினியாபொலிஸ் நகரிலுள்ள மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஐஸ் ஹாக்கி முறையான பல்கலைக்கழக அணியாக இயங்கத் தொடங்கியது 1921-22 பருவத்தில். மரூன், பொன் நிறச் சீருடை. வளைதோண்டி வாழும் கோஃபர் என்ற சிறு விலங்கின் பெயர். 1939-40 பருவத்தில் லாரி ஆம்ஸ்ட்ராங்கின் பயிற்சியில் ஆடிய அணி ஆடிய பதினெட்டு ஆட்டங்களிலும் வென்று, அமெச்சூர் விளையாட்டு ஒன்றியத்தின் தேசியப் பட்டத்தையும் பெற்றது. கல்லூரிகளுக்கிடையிலான தேசியப் போட்டி (என்.சி.ஏ.ஏ.) அப்போது தொடங்கப்படவில்லை, அது 1948இல்தான் வந்தது.

அந்த 1940 அணியில் ஆடியவர் ஜான் மாரியூச்சி. 1916இல் எவிலெத் என்ற சிற்றூரில், இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். மினியாபொலிசுக்கு வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள எவிலெத், மெசாபி இரும்புத்தாதுச் சுரங்கங்களை நம்பி எழுந்த ஊர். இத்தாலியர், ஸ்லோவேனியர், குரோவேசியர், ஃபின்லாந்தினர் எனப் பல நாட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே குடியேறியிருந்தன. வீட்டில் வெவ்வேறு மொழி பேசிய பிள்ளைகளுக்குத் தெருவில் பொதுவாக இருந்தது ஹாக்கி. அந்தச் சிற்றூரிலிருந்து ஃபிராங்க் பிரிம்செக், மைக் கரகாஸ், சாம் லோபிரெஸ்டி என்று மூன்று கோல்காப்பாளர்கள் தேசிய ஹாக்கி லீக்கை எட்டினார்கள். அது பெரும்பாலும் கனடியர்களின் உலகமாக இருந்த காலம் என்பதை நினைவில் கொண்டால், இதன் அருமை விளங்கும். மாரியூச்சியும் சிகாகோ அணியில் சேர்ந்து, போருக்குப்பின் அதன் தலைவராகவும் உயர்ந்தார்.

1952இல் அவர் தம் பல்கலைக்கழகத்துக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். முதலிரு ஆண்டுகளிலும் அணி தேசிய இறுதிப்போட்டிவரை சென்றது. 1953இல் மிச்சிகனிடம் தோல்வி. 1954இல் ரென்சலேர் கல்லூரியிடம் கூடுதல் நேரத்தில் 5-4 என்று தோல்வி. அந்த அணியின் ஒளிவிளக்கு எவிலெத்தின் இன்னொரு மைந்தர் ஜான் மேயசிச். மாநில உயர்நிலைப் பள்ளிகளுக்கான போட்டி 1945இல் தொடங்கப்பட்டபோது முதல் பட்டத்தை வென்ற பள்ளி எவிலெத். 1948 முதல் 1951 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றபோது அதன் முன்னணி வீரர் மேயசிச். 1956இல் இத்தாலியின் கொர்த்தினா ஒலிம்பிக்கில் மாரியூச்சி பயிற்றுவித்த அமெரிக்க அணி வெள்ளி வென்றது. அதில் கனடாவை 4-1 என வீழ்த்திய ஆட்டத்தில் மூன்று கோல்கள் மேயசிச்சுடையவை.

இந்த நேரத்தில்தான் மேற்குப் பகுதிக் கல்லூரிகள் சில வேறொரு வழியைக் கண்டன. கனடாவில் ஜூனியர் லீக் ஆட்டங்களை இருபது வயதுவரை ஆடித் தேர்ந்த இளைஞர்களை உதவித்தொகை தந்து சேர்த்துக்கொள்வதே அவ்வழி. 1956இல் டென்வர் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரான மரே ஆம்ஸ்ட்ராங் இதில் வல்லவர். 1958 முதல் 1969 வரை ஐந்து தேசியப் பட்டங்களை வென்றார். பள்ளியை முடித்து நேராக வந்த பதினெட்டு வயது மினசோட்டா மாணவன், தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்த, நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிய 'முதலாண்டு மாணவர்'களை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

மாரியூச்சி கொதித்தார். 1958இல் இச்சர்ச்சையால் மேற்குக் கல்லூரிகளின் லீக்கே கலைந்தது; மினசோட்டாவும் மிச்சிகன் மாநிலத்தின் மூன்று கல்லூரிகளும் விலகின. அடுத்த ஆண்டு புதிய அமைப்பு உருவானபோதும், தன்னோடு யார் மோதுவது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் முடிவு செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்தி, மினசோட்டா பல ஆண்டுகள் டென்வருடன் லீக் ஆட்டம் ஆட மறுத்தது. மாரியூச்சி அதோடு நிற்கவில்லை. ஊர் ஊராகச் சென்று பனித்தளங்கள் அமைக்குமாறு மக்களைத் தூண்டினார். கல்லூரியில் இடம் உண்டு என்று தெரிந்தால்தான் பள்ளியில் ஆடுவார்கள். பள்ளியில் ஆடினால்தான் ஊரில் தளம் எழும். அவர் வாதத்தின் சாரம் இதுவே.

பிற்காலத்தில் இவ்வரலாறு 'மினசோட்டா அணியில் மினசோட்டாவினர் மட்டுமே' என்று சுருக்கப்பட்டு, மாரியூச்சியின் கொள்கையாகவே சொல்லப்பட்டது. ஆனால் அவருடைய அணிப்பட்டியல்களைப் பார்த்தால் படம் மாறுகிறது. 1950களின் பிற்பகுதியில் அவர் அணியில் சிறந்து விளங்கிய மரே வில்லியம்சன் கனடாவின் வினிபெக் நகரத்தவர். 1960களின் தொடக்கத்தில் அணித்தலைவராயிருந்த லூ நேன் ஒன்டாரியோ மாகாணத்தவர். இவ்விருவரும் பின்னாளில் அமெரிக்கர்களாகவே வாழ்ந்தனர். நேன் 1968 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குத் தலைமை தாங்கினார். வில்லியம்சன் 1972இல் வெள்ளி வென்ற அமெரிக்க அணியின் பயிற்சியாளர். 1966இல் மாரியூச்சிக்குப்பின் பொறுப்பேற்ற கிளென் சொன்மோர்கூடக் கனடாவின் மூஸ் ஜா நகரில் பிறந்தவரே.

ஆக, மாரியூச்சியின் எதிர்ப்பு பிறப்பிடத்துக்கு எதிரானதாக இருந்திருக்க இயலாது. வயதிலும் அனுபவத்திலும் முந்தியவர்களால் அணி முழுவதையும் நிரப்பி, வேறு வாயிலே இல்லாத உள்ளூர் இளைஞனை வெளியே நிறுத்தும் முறைக்கு எதிரானது அது. 1942 முதல் 1967 வரை தேசிய ஹாக்கி லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். அவற்றில் அமெரிக்க வீரர்கள் மிகச் சிலர். சுரங்கத் தொழிலாளியின் மகனுக்குத் திறந்திருந்த கதவு ஒரு கல்லூரி இடம் மட்டுமே. அந்தக் கதவு மூடப்படக் கூடாது என்றார் அவர். கதவுக்குக் காவல் நின்றதை வேலி கட்டியதாக நினைவுகூர்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

மாரியூச்சி பயிற்சியாளராக ஒருமுறைகூடத் தேசியப் பட்டம் வெல்லவில்லை. விதைத்ததை அறுவடை செய்தவர் அவர் மாணவர் ஹெர்ப் புரூக்ஸ். செயின்ட் பால் நகரத்தவர். 1960இல் தங்கம் வென்ற அமெரிக்க ஒலிம்பிக் அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டவர். 1972இல் பயிற்சியாளராகி 1974, 1976, 1979 என மூன்று தேசியப் பட்டங்களை வென்றார். வீரர்களில் ஏறக்குறைய அனைவரும் மினசோட்டாவின் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். 1980 பிப்ரவரி 22 அன்று லேக் பிளாசிடில் சோவியத் ஒன்றியத்தை 4-3 என வென்று, இரண்டு நாள் கழித்து ஃபின்லாந்தையும் வீழ்த்தித் தங்கம் பெற்ற அமெரிக்க அணி அவர் உருவாக்கியது. இருபது வீரர்களில் பன்னிருவர் மினசோட்டாவினர். ஒன்பதுபேர் இப்பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள்.

எனினும் சோவியத் அணிக்கு எதிரான வெற்றிக் கோலைப் போட்டவர் மினசோட்டாவினர் அல்லர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக் எருசியோனி. 1976 தேசிய அரையிறுதியில் ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே இவ்விரு கல்லூரி வீரர்களும் பெருஞ்சண்டையில் இறங்கியிருந்தனர். நான்கு ஆண்டுகளில் அதே கல்லூரியின் நால்வரைப் புரூக்ஸ் தம் அணியில் இணைத்துக்கொண்டார். எருசியோனிக்குப் பந்துவட்டைக் கொடுத்தவர் மார்க் பாவெலிச். மாரியூச்சியின் அதே எவிலெத்தில் பிறந்தவர். உள்ளூர் மண்ணும் வெளியூர்த் திறனும் ஒரே கோலில் சந்தித்தன.

1985இல் பல்கலைக்கழகத்தின் பனித்தள அரங்கத்துக்கு மாரியூச்சியின் பெயர் சூட்டப்பட்டது. 1987இல் அவர் மறைந்தார். 1985 முதல் 1999 வரை பயிற்சியாளராக இருந்த டக் வூக், மாரியூச்சியிடம் ஆடியவர். மினசோட்டாவினரை மட்டுமே சேர்ப்பது என்பதை வழக்கமாகக் கடைப்பிடித்தவர் அவரே. அவர் காலத்தில் அணி பெரும்பாலான ஆண்டுகளில் தேசியப் போட்டிக்குச் சென்றது; ஆனால் பட்டம் கிட்டவில்லை. 1989இல் சொந்த ஊரான செயின்ட் பாலில் நடந்த இறுதிப்போட்டியில், கூடுதல் நேரத்தில் மினசோட்டா அடித்த ஒரு வட்டு கோல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பின்னர் ஹார்வர்ட் 4-3 என வென்றது. ஹார்வர்டின் பயிற்சியாளர் பில் கிளியரி, புரூக்ஸ் நீக்கப்பட்ட அந்த 1960 அணியில் ஆடித் தங்கம் வென்றவர்.

வூக்கின் உறுதியைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. சிற்றூர்ச் சிறுவன் ஒருவன் அந்தச் சீருடையைத் தனக்குரியதாகக் கனவு காண்பதற்கு அவர் கொள்கை இடமளித்தது. ஆனால் 1950களில் கதவற்றவனுக்குக் கதவாயிருந்த வாதம், 1990களில் நிலைமை முற்றிலும் மாறியபின்னும் அதே சொற்களில் தொடர்ந்தது. அப்போது மாநிலமெங்கும் தளங்கள் இருந்தன. மினசோட்டா இளைஞர்களை நாடெங்குமுள்ள கல்லூரிகள் தேடி வந்தன. காரணம் நிறைவேறிவிட்டது, விதி மட்டும் எஞ்சி நின்றது.

1999இல் வந்த டான் லூசியா அந்த வழக்கத்தைத் தளர்த்தினார். 2002 ஏப்ரலில், மீண்டும் செயின்ட் பாலில், மெய்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான இறுதிப்போட்டி. ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லாத நிலையில் மேட் கோல்ஸ்கா சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலைப் போட்டு, இருபத்துமூன்று ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்தவர் கிராண்ட் பொட்டல்னி. அவ்வணியில் மாநிலத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒரே வீரர் அவர்தான். அதுவும், மினசோட்டாவின் கடும் போட்டியாளரான வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் அமைந்துள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரிலிருந்து வந்தவர். அடுத்த ஆண்டும் பட்டம் வந்தது. அப்போது முன்னின்றவர் ஆஸ்திரியாவின் தோமஸ் வானெக்.

இவ்வரலாற்றில் பெரும்பாலும் பின்குறிப்பாகவே தள்ளப்படும் மகளிர் அணியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளி மாணவியரின் ஹாக்கியை முறைப்படி ஏற்ற முதல் அமெரிக்க மாநிலம் மினசோட்டா, அது 1994-95இல். பல்கலைக்கழக மகளிர் அணி 1997-98இல் ஆடத் தொடங்கியது. மகளிர் கல்லூரி ஹாக்கிக்கென்றே நாட்டில் முதன்முதலாகக் கட்டப்பட்ட ரிடர் அரங்கம் 2002இல் திறக்கப்பட்டது. 2012-13இல் அவ்வணி ஆடிய 41 ஆட்டங்களிலும் வென்றது. கோல்காப்பாளர் நோரா ரேட்டி ஃபின்லாந்தினர். கோல் மழை பொழிந்த அமாண்டா கெசல் அண்டை மாநிலமான விஸ்கான்சினைச் சேர்ந்தவர். அவருடன் ஆடிய ஹன்னா பிராண்ட் மினசோட்டாவினர். அதுவரை கதவே இல்லாதிருந்தவர்களுக்குக் கதவு திறப்பது என்ற மாரியூச்சியின் பழைய நோக்கம், அவர் பெயரை உரக்கச் சொல்லாத இவ்விடத்தில்தான் உண்மையாகத் தொடர்ந்தது என்பேன்.

மரபுகளை ஆராய்பவர்கள் 'இது எவ்வளவு பழமையானது?' என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. 'இது தொடங்கியபோது யாருக்கு இடம் பெற்றுத் தந்தது? இன்று யாருக்கு?' என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே விடை வரும்வரை மரபு உயிரோடிருக்கிறது. விடைகள் விலகும்போது, முன்னோர் பெயரைச் சொல்லி விதியைக் காப்பதைவிட, முன்னோர் எதற்காக வாதாடினார் என்று அவர்கால ஆவணங்களைப் புரட்டிப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. நம் பல்கலைக்கழகங்களில் இடங்களைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் கொள்வோம்.